நெட் வரவில்லையா? உங்கள் கணினியிலிருந்து வெளியே, படிப்படியாகத் தேடும் முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் திரையின் கீழ் மூலையில் சில நேரம் 'இணையம் இல்லை' என்று வருகிறதே, அதை விண்டோஸ் எப்படித் தெரிந்துகொள்கிறது? பெரிய சோதனை எதுவும் இல்லை. மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் ஒரு சர்வருக்குப் போய் ஒரு குட்டி டெக்ஸ்ட் கோப்பைக் கேட்கிறது. அதற்குள் 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்று மூன்றே சொற்கள். அவை திரும்பி வந்தால் இணையம் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. அந்த ஒரு சர்வருக்குப் போகும் வழி மட்டும் அடைபட்டிருந்தாலும் சின்னம் 'இல்லை' என்று சொல்லும். பக்கத்து டேபில் வீடியோ அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

நாமும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு பக்கம் திறக்கவில்லை என்றால் 'நெட் போச்சு' என்று ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம். பல சமயம் சரியாகியும் விடுகிறது. ஆனால் ஏன் சரியானது என்று தெரியாததால் அடுத்த வாரம் அதே கதை. ரவுட்டரை அணைத்துப் போடுவதில் எனக்குள்ள குறை ஒன்றுதான்: பிரச்சினையோடு சேர்த்துத் தடயத்தையும் அது அழித்துவிடுகிறது. அணைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்தால் பிழை எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் திறக்க வேண்டுமென்றால் ஐந்து காரியங்கள் வரிசையாக நடக்க வேண்டும். கேபிளோ வைஃபையோ சேர்ந்திருக்க வேண்டும். கணினிக்கு ஒரு முகவரி கிடைத்திருக்க வேண்டும். ரவுட்டர் எட்ட வேண்டும். ரவுட்டரைத் தாண்டி வெளி உலகம் எட்ட வேண்டும். தளத்தின் பெயர் எண்ணாக மாற வேண்டும். இவை முடிந்த பிறகுதான் எச்டிடிபி (பக்கத்தைக் கேட்டு வாங்குவது), டிஎல்எஸ் (பேச்சைப் பூட்டி அனுப்புவது) என்று நாம் கேள்விப்படும் நெறிமுறைகளின், அதாவது கணினிகள் தமக்குள் பேசும் விதிகளின், வேலை தொடங்குகிறது. தேடுவதும் அதே வரிசையில்தான்.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். விண்டோஸில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி 'சிஎம்டி' என்று கொடுத்தால் கறுப்புத் திரை வரும். மேக்கில் கமாண்ட் விசையோடு ஸ்பேஸை அழுத்தி 'டெர்மினல்' என்று தேடுங்கள். உபுண்டு போன்ற லினக்ஸில் கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் அழுத்தினால் போதும்.

படி 1: கம்பி, காற்று

கேபிள் என்றால் செருகும் இடத்தில் இருக்கும் சின்ன விளக்கைப் பாருங்கள். எரியவே இல்லை என்றால் மேற்கொண்டு எந்தக் கட்டளையும் தேவையில்லை. கேபிளை மாற்றுங்கள், அல்லது ரவுட்டரில் வேறு துளையில் செருகுங்கள்.

விளக்கு எரிந்தும் வேகம் இல்லை என்பது இன்னும் சுவாரசியமானது. ஈத்தர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். ஆகவே மேசைக்காலுக்கு அடியில் நசுங்கி ஒரு கம்பி அறுந்தாலும் பல நேரம் இணைப்பு நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் ஈத்தர்நெட்டைத் திறந்தால் இணைப்பு வேகம் எழுதியிருக்கும். கிகாபிட் ரவுட்டரும் கிகாபிட் கணினியும் இருந்து அங்கே 100 என்று காட்டினால், முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் நெரிசல் அதிகம். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, தூரம் குறைவு. மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் எந்த அலைவரிசை, எந்தச் சேனல் என்பதெல்லாம் வரும். தெரியாதவர்களுக்கு இது மந்திரம் மாதிரி இருக்கும்.

படி 2: முகவரி கிடைத்ததா?

விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' என்று தட்டுங்கள். லினக்ஸில் 'ஐபி ஏ', அப்புறம் 'ஐபி ஆர்'. மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை, டீடெய்ல்ஸ், டிசிபி/ஐபி என்று போனால் முகவரி இருக்கும்; டிஎன்எஸ் மட்டும் அங்கேயே 'டிஎன்எஸ்' என்ற தனிப் பகுதியில். விண்டோஸ் நிறைய வரிகளைக் கொட்டும், பயப்பட வேண்டாம். நமக்கு வேண்டியவை நான்கே: ஐபிவி4 முகவரி, சப்நெட் மாஸ்க் (எந்த முகவரிகள் வீட்டுக்குள் என்று சொல்வது), டீஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசல், வீட்டில் ரவுட்டரின் முகவரி), டிஎன்எஸ் சர்வர் (பெயரை எண்ணாக மாற்றித் தருவது).

ஐபி முகவரி 192.168.1.23 என்பது போல் இருந்தால் நல்லது. 10-இல் தொடங்கினாலும், 172.16 முதல் 172.31 வரைக்குள் இருந்தாலும் சரிதான். இந்த மூன்று கூட்டங்களும் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் புழங்குவதற்கென்று 1996-இல் ஒதுக்கப்பட்டவை. உலகத்தில் கோடிக்கணக்கான கணினிகள் இதே எண்ணோடு இருக்கலாம், தவறில்லை. அவை வெளியே தெரிவதில்லை. வெளியே போகும்போது ரவுட்டர் தன் சொந்த முகவரியைப் போட்டு அனுப்புகிறது, பதில் வந்ததும் யார் கேட்டது என்று பார்த்து உள்ளே தருகிறது. இதற்கு நாட் என்று பெயர். ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தும் போயிற்று. நாட் இல்லாவிட்டால் நம்மில் பலருக்கு இன்று இணைப்பே கிடைத்திருக்காது.

முகவரி 169.254 என்று தொடங்குகிறதா? அப்படியானால் பிழை இங்கேயே பிடிபட்டுவிட்டது. கணினி முகவரி கேட்டது, யாரும் தரவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். மேக் இதை 'செல்ஃப் அசைன்டு ஐபி' என்று வெளிப்படையாகவே சொல்லிவிடும். அந்த எண்ணை வைத்து வெளியே போக முடியாது.

யார் தர வேண்டும்? டிஎச்சிபி என்ற நெறிமுறை. கணினி வலைப்பின்னலில் நுழைந்ததும் யாரிடம் கேட்பது என்றுகூட அதற்குத் தெரியாது. அதனால் எல்லோருக்கும் கேட்கும்படி 'இங்கே முகவரி தருபவர் யாராவது உண்டா?' என்று கத்துகிறது. ரவுட்டர் 'இருக்கிறேன், 192.168.1.23 வேண்டுமா?' என்கிறது. கணினி 'அதையே கொடுங்கள்' என்கிறது. ரவுட்டர் 'சரி, இத்தனை மணி நேரத்துக்கு உன்னுடையது' என்று முடிக்கிறது. இது வாடகைதான், சொந்தமில்லை. காலக்கெடுவில் பாதி கழிந்ததும் கணினி தானாகவே புதுப்பிக்கக் கேட்கும். ஐபிகான்ஃபிக் காட்டும் வரிகளில் 'லீஸ்' என்று இரண்டு தேதிகள் வருவது இதுதான்.

169.254 வந்துவிட்டால், விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்', பிறகு 'ஐபிகான்ஃபிக் /ரென்யூ'. மற்றவற்றில் வைஃபையை அணைத்துப் போட்டாலே மறுபடி கேட்கும். அப்படியும் வராவிட்டால் ரவுட்டரின் டிஎச்சிபி நின்றிருக்கலாம், அல்லது கொடுக்க முகவரி மிச்சமில்லாமல் இருக்கலாம். ரவுட்டரை அணைத்துப் போடுவதற்கு நியாயமான நேரம் என்றால் இதுதான்.

பிரிண்டருக்கு மாறாத முகவரி வேண்டும் என்று சிலர் கணினியிலோ பிரிண்டரிலோ கையால் எண்ணைப் போட்டுவிடுவார்கள். ரவுட்டருக்கு இது தெரியாது. அதே எண்ணை இன்னொரு கருவிக்குக் கொடுத்துவிடும். பிறகு இரண்டும் மாறி மாறி மயங்கி விழும். அதைவிட ரவுட்டரின் பக்கத்துக்குள் போய், அந்தக் கருவியின் மேக் முகவரிக்கு இந்த ஐபி என்று ஒதுக்கி வைப்பதே மேல். மேக் முகவரி என்பது ஆப்பிள் மேக் அல்ல. நெட்வொர்க் அட்டைக்கு உரிய 48 பிட் எண். பெயர் ஒற்றுமை குழப்பத்தான் செய்யும்.

எஃப்இ80 என்று தொடங்கும் நீளமான ஒன்றும் பட்டியலில் இருக்கும். அது ஐபிவி4-க்கு அடுத்து வந்த முகவரி முறையான ஐபிவி6-இன் உள்ளூர் முகவரி. அது மட்டும் இருந்தால் ஐபிவி6 இணைப்பு வரவில்லை என்று பொருள். 2 அல்லது 3-இல் தொடங்கும் இன்னொன்றும் இருந்தால் வந்திருக்கிறது.

படி 3: ரவுட்டர் எட்டுகிறதா?

கேட்வே என்று இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு 'பிங் 192.168.1.1' என்று தட்டுங்கள், உங்கள் எண்ணைப் போட்டு. விண்டோஸ் நான்கு முறை கேட்டுவிட்டு நிற்கும். லினக்ஸும் மேக்கும் நிறுத்தச் சொல்லும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். கண்ட்ரோல், சி அழுத்தி நிறுத்துங்கள்.

பிங்கை மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலிதான் பெயருக்குக் காரணம்: ஒலியை அனுப்பி, எதிரொலி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. இத்தனை வருடம் கழித்தும் நெட்வொர்க் வேலை செய்பவர்கள் முதலில் தட்டுவது அதைத்தான்.

கேபிளில் ரவுட்டரின் பதில் ஒரு மில்லிசெகண்டுக்குள் வரும். வைஃபையில் சில மில்லிசெகண்டுகள். இங்கேயே 200, 400 என்று தாவினால், அல்லது பத்துக்கு இரண்டு தொலைந்தால், கோளாறு வீட்டுக்குள். இணைப்பு தரும் நிறுவனத்தை அழைத்து மணிக்கணக்கில் காத்திருப்பதில் பயனில்லை, வைஃபையைப் பாருங்கள்.

பதில் வராதபோது என்ன சொல்கிறது என்பதையும் படியுங்கள். 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றால் கேள்வி போனது, பதில் திரும்பவில்லை. எதிரே இருப்பவர் பிங்குக்குப் பதில் சொல்ல விருப்பமில்லாமலும் இருக்கலாம். 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வந்தால், அந்தப் பதிலைச் சொல்வது யார் என்று பாருங்கள். உங்கள் சொந்த ஐபியே அங்கே இருந்தால், கேள்வி கணினியை விட்டு வெளியே போகவே இல்லை. அதாவது, 'இந்த எண்ணுக்குரியவர் யார்?' என்று உள்ளூரில் கேட்டதற்கு யாரும் கை தூக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் நெறிமுறை ஏஆர்பி. 'ஏஆர்பி -ஏ' என்று தட்டினால் இதுவரை கை தூக்கியவர்களின் பட்டியல் வரும்.

படி 4: ரவுட்டரைத் தாண்டி

இப்போது 'பிங் 1.1.1.1' அல்லது 'பிங் 8.8.8.8'. முன்னது கிளவுட்ஃபிளேர், பின்னது கூகுள் நடத்துவது. இரண்டும் பொது டிஎன்எஸ் சர்வர்கள். வேண்டுமென்றே பெயர் போடாமல் எண் போடுகிறோம். பெயர் போட்டால் டிஎன்எஸ் சோதனையும் இதற்குள் கலந்துவிடும். எது கெட்டது என்று தெரியாது.

பதிலில் டிடிஎல் என்று ஒரு எண் வரும். பலர் அதை வேகம் என்று நினைக்கிறார்கள். பாக்கெட், அதாவது நாம் அனுப்பும் தரவுத் துண்டு, வழிதவறி முடிவில்லாமல் சுற்றாமல் இருக்க அதற்குக் கொடுத்திருக்கும் ஆயுள் அது. ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்று குறைக்கும். பூஜ்யமானால் பாக்கெட் குப்பைக்கு. லினக்ஸும் மேக்கும் வழக்கமாக 64-இல் தொடங்கும், விண்டோஸ் 128-இல். உங்களுக்கு 117 வந்தால், 128-இல் கிளம்பிப் பதினொரு ரவுட்டர்களைத் தாண்டி வந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

இந்த ஆயுளைக் குறும்பாகப் பயன்படுத்துவதுதான் டிரேஸ்ரூட். ஆயுள் 1 என்று வைத்து ஒரு பாக்கெட்டை அனுப்பினால் முதல் ரவுட்டரிலேயே அது செத்துப்போகும். அந்த ரவுட்டர் 'உன் பாக்கெட் இங்கே செத்தது' என்று கடிதம் போடும். கடிதத்தில் அதன் முகவரி இருக்கும். அடுத்து ஆயுள் 2, அப்புறம் 3. இப்படியே போகிற வழி முழுவதும் தெரிந்துவிடும். விண்டோஸில் இதன் பெயர் கடைசியில் வெட்டுப்பட்டு 'டிரேசர்ட்' ஆகியிருக்கும். 'டிரேசர்ட் -டி 8.8.8.8' என்று கொடுங்கள். அந்த '-டி' பெயர்களைத் தேடி நேரம் வீணாக்காதே என்பதற்கு. மற்ற இரண்டிலும் 'டிரேஸ்ரூட் -என் 8.8.8.8'.

நடுவில் நட்சத்திரங்கள் வந்தால் பதற வேண்டாம். கடிதம் போடும் வேலையைப் பல ரவுட்டர்கள் செய்வதில்லை, அல்லது கடைசி வேலையாக வைத்திருக்கின்றன. அதற்குப் பின்னால் உள்ள வரிகள் ஒழுங்காக வந்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு வரிக்குப் பிறகு கடைசி வரை நட்சத்திரங்களாகவே இருந்து, அந்த இடத்தை பிங்கும் எட்டவில்லை என்றால்தான் கடைசியாகப் பேசிய ரவுட்டருக்கு அப்பால் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் மூன்றாம் வரியில் 100.64 முதல் 100.127 வரையிலான எண் ஒன்று தென்பட்டால், உங்கள் ரவுட்டருக்கும் தனக்கென்று பொது முகவரி இல்லை. நிறுவனம் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. பக்கங்கள் பார்க்க இதனால் பாதகமில்லை. ஆனால் வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து எட்ட ரவுட்டரில் போர்ட் (உள்ளே வர ஒரு கதவு, படி 6-இல் வரும்) திறந்து திறந்து களைத்துப்போயிருந்தால், காரணம் இதுவாக இருக்கலாம்.

படி 5: பெயர் எண்ணாக மாறுகிறதா?

8.8.8.8 எட்டுகிறது, பிரவுசரில் மட்டும் எதுவும் திறக்கவில்லை. இந்த நிலைக்கு டிஎன்எஸ் தான் முதல் சந்தேகப் புள்ளி.

1980களின் தொடக்கம் வரை இணையத்தில் இருந்த கணினிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையம் அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அவ்வப்போது பிரதி எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார்: ஒரே கோப்பு இல்லை, பொறுப்பு பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும், தெரியாததை அடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பழைய கோப்பு இன்றைக்கும் உங்கள் கணினியில் ஒரு ஓரமாக உயிரோடு இருக்கிறது. விண்டோஸில் சி டிரைவுக்குள் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று ஃபோல்டர்களுக்குள் போனால் 'ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு கோப்பு. லினக்ஸிலும் மேக்கிலும் ஈடிசிக்குள். பொதுவாக டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன் இயங்குதளம் இதைத்தான் பார்க்கும். ஒரே ஒரு தளம் மட்டும் உங்கள் கணினியில் மட்டும் திறக்கவில்லை என்றால் இதைத் திறந்து பாருங்கள்; எப்போதோ யாரோ எழுதி வைத்த வரி ஒன்று உள்ளே இருக்கலாம்.

சோதிக்கும் கட்டளை 'என்எஸ்லுக்கப்'. அதற்குப் பின் தளத்தின் பெயர். எண் வந்தால் நல்லது. வராவிட்டால் அதே வரியின் கடைசியில் ஒரு இடம் விட்டு 1.1.1.1 என்று சேர்த்துக் கேளுங்கள். இப்போது வந்தால், உங்கள் வழக்கமான டிஎன்எஸ் சர்வர்தான் படுத்திருக்கிறது. நெட்வொர்க் செட்டிங்ஸில் டிஎன்எஸ்ஸை 1.1.1.1, 8.8.8.8, 9.9.9.9 இவற்றில் ஒன்றாக மாற்றினால் முடிந்தது. அலுவலகக் கணினியில் மட்டும் இப்படி மாற்றாதீர்கள். உள் சர்வர்களின் பெயர்கள் வெளி டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது.

இதில் ஒரு கண்ணி உண்டு. என்எஸ்லுக்கப் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பதில்லை, நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்விடும். பிங் பார்க்கும். அதனால் ஒரே பெயருக்கு இரண்டும் வேறு வேறு எண்ணைக் காட்டினால், ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஏதோ இருக்கிறது, அல்லது கணினி பழைய பதிலை நினைவில் வைத்திருக்கிறது. பழையதை மறக்கச் சொல்ல விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக் /ஃபிளஷ்டிஎன்எஸ்'. உபுண்டுவில் 'ரிசால்வ்சிடிஎல் ஃபிளஷ்-கேச்சஸ்'. பிரவுசர்களும் தனியாக ஒரு நினைவு வைத்திருக்கும், அவற்றை மூடித் திறங்கள்.

படி 6: நெறிமுறைகளின் முறை

பெயர் எண்ணாகிவிட்டது. இனி அந்தக் கணினியில் எந்தக் கதவைத் தட்டுவது? அதற்குத்தான் போர்ட் எண், 0 முதல் 65535 வரை. எச்டிடிபிக்கு 80, எச்டிடிபிஎஸ்ஸுக்கு 443, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சுக்கு 22, டிஎன்எஸ்ஸுக்கு 53. இவை சட்டமல்ல, வழக்கம். சர்வர் நடத்துபவர் மாற்றி வைக்கலாம்.

கதவைத் தட்ட இரண்டு முறைகள். டிசிபி முதலில் மூன்று படியில் பேசி முடித்துக்கொள்ளும்: 'பேசலாமா?', 'பேசலாம், நான் சொல்வது கேட்கிறதா?', 'கேட்கிறது'. அதன் பிறகு போன ஒவ்வொரு துண்டுக்கும் ரசீது வாங்கும், வராததைத் திரும்ப அனுப்பும், கலைந்து வந்ததை வரிசைப்படுத்தும். யுடிபிக்கு இந்தச் சம்பிரதாயம் எதுவுமில்லை. அனுப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கோப்பு இறக்கும்போது ஒரு எழுத்து குறைந்தாலும் பாழ், அங்கே டிசிபி. வீடியோ அழைப்பில் அரை நொடிக்கு முன் தொலைந்த ஒலியைத் திரும்ப அனுப்பி என்ன செய்வது? அங்கே யுடிபி. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு காலம் டிசிபியை நம்பியிருந்த வலைப்பக்கங்களே இப்போது யுடிபிக்கு மாறுகின்றன: 2022-இல் தரநிலையான எச்டிடிபி/3, யுடிபியின் மேல் குயிக் என்ற நெறிமுறையைக் கட்டி அதில் ஓடுகிறது. ரசீது வாங்குவதைக் குயிக் தானே பார்த்துக்கொள்கிறது.

ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்க, விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து 'டெஸ்ட்-நெட்கனெக்ஷன்' என்று தட்டி, தளத்தின் பெயர், பிறகு '-போர்ட் 443'. மேக்கிலும் லினக்ஸிலும் 'என்சி -விஇசட்', பெயர், 443. 'ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்தால் பெரும்பாலும் ஆள் இருக்கிறார், அந்தக் கதவுக்குப் பின்னால்தான் யாரும் இல்லை. வெகுநேரம் கழித்து 'டைம் அவுட்' வந்தால் நடுவில் ஒரு ஃபயர்வால் (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவல்) சத்தமில்லாமல் விழுங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம். சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு வித்தியாசம் பாதி நாளை மிச்சப்படுத்தும்.

போர்ட் திறந்திருந்தால் 'கர்ல் -ஐ', ஐ மட்டும் பெரிய எழுத்தில், பிறகு முழு முகவரி. 2018 முதல் விண்டோஸ் 10-உடனேயே கர்ல் வருகிறது; பவர்ஷெல்லில் தட்டாமல் கறுப்புத் திரையிலேயே தட்டுங்கள். முதல் வரியில் ஒரு எண் வரும். 200 என்றால் நலம். 301 என்றால் 'வீடு மாறிவிட்டோம்'. 404 என்றால் கேட்ட பக்கம் இல்லை. 500, 503 என்று 5-இல் தொடங்கினால் கோளாறு அந்தப் பக்கம். 5 வந்த பிறகும் உங்கள் ரவுட்டரை அணைத்துப் போடுபவராக இருக்காதீர்கள்.

இங்கே எனக்கு நேர்ந்த ஒன்று. நண்பர் ஒருவரின் பழைய டெஸ்க்டாப். முகவரி சரி, கேட்வே சரி, 8.8.8.8 எட்டுகிறது, என்எஸ்லுக்கப் எண் தருகிறது, போர்ட் 443-உம் திறந்திருக்கிறது. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல'. டிஎன்எஸ்ஸை மாற்றினேன், பிரவுசரை நீக்கித் திரும்ப நிறுவினேன், வைரஸ் தேடினேன். ஒரு மணி நேரம் போனது. தற்செயலாகத் திரையின் மூலையைப் பார்த்தால் தேதி பல வருடம் பின்னால் இருந்தது. மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்து, கணினியை ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் கடிகாரம் பழைய தேதிக்கே போய்க்கொண்டிருந்தது. எச்டிடிபிஎஸ் தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். அந்தக் கணினியைப் பொறுத்தவரை உலகத்தின் எல்லாச் சான்றிதழ்களும் இன்னும் பிறக்கவே இல்லை! புது சிஆர்2032 பேட்டரி ஒன்று போட்டதோடு சரி. அன்றிலிருந்து சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் முதலில் கடிகாரத்தைத்தான் பார்க்கிறேன். நேரத்தைச் சரியாக வைக்க என்டிபி என்ற நெறிமுறை இருக்கிறது, யுடிபி போர்ட் 123. அது அடைபட்டிருந்தாலும் கடிகாரம் மெல்ல மெல்ல விலகிப்போகும்.

பிங் எல்லாம் சரி, பிரவுசர் மட்டும் வரவில்லை என்பதற்கு இன்னொரு வழக்கமான காரணம் பிராக்ஸி, அதாவது பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இடைத்தரகர். விபிஎன் செயலியை நீக்கியபின் அது வைத்துவிட்டுப் போன பிராக்ஸி அமைப்பு அப்படியே இருக்கும்; பிரவுசரோ, இல்லாத ஒருவரிடம் வழி கேட்டுக்கொண்டே நிற்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியின் அடியில் பிராக்ஸி என்று இருக்கிறது, பார்த்து அணையுங்கள்.

மின்னஞ்சல், கோப்புப் பகிர்வு பற்றிச் சுருக்கமாக. அஞ்சலை அனுப்புவது எஸ்எம்டிபி. அஞ்சல் செயலியில் 587 அல்லது 465 போடுங்கள், 25 வேண்டாம், அது சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்வது, வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் அடைத்தே இருக்கும். எடுப்பதற்கு ஐமேப் 993, பாப் 995. ஐமேப் அஞ்சலை சர்வரிலேயே வைத்திருக்கும். பாப் உங்கள் கணினிக்கு இறக்கிவிட்டுப் பல அமைப்புகளில் சர்வரில் அழித்துவிடும். பழைய எஃப்டிபி கடவுச்சொல்லைத் திறந்த கடுதாசியாக அனுப்பக்கூடியது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-இலேயே அதைக் கைகழுவிவிட்டன. விண்டோஸில் இரண்டு கணினிகளுக்கிடையே ஃபோல்டர் பகிர எஸ்எம்பி, போர்ட் 445. பக்கத்துக் கணினி தெரியவில்லை என்றால் நெட்வொர்க் புரொஃபைல் 'பப்ளிக்' என்று இருக்கலாம். வீட்டில் 'பிரைவேட்' ஆக்குங்கள், வெளியிடத்து வைஃபையில் 'பப்ளிக்'காகவே விடுங்கள். 445-ஐயும், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389-ஐயும் ரவுட்டரில் வெளி உலகுக்குத் திறந்து வைக்கவே கூடாது.

வருகிறது, ஆனால் மெதுவாக

முதலில் கணக்கு. நிறுவனம் சொல்வது மெகாபிட், டவுன்லோட் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட்; எட்டால் வகுக்க வேண்டும். 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது, அகலம் வேறு, தாமதம் வேறு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 5,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்வரவே 50 மில்லிசெகண்டு. எவ்வளவு பெரிய இணைப்பு வாங்கினாலும் இது குறையாது.

மூன்றாவது ஒரு நல்ல சோதனை. விண்டோஸில் 'பிங் -டி 1.1.1.1' என்று ஓடவிட்டு, இன்னொரு பக்கம் பெரிய கோப்பு ஒன்றை அப்லோட் செய்யுங்கள். 15 மில்லிசெகண்டாக இருந்தது திடீரென 600-க்குப் போகிறதா? ரவுட்டர் தாங்கமாட்டாமல் பாக்கெட்டுகளை வரிசையில் நிறுத்திவைக்கிறது. அழைப்பின் நடுவே குரல் உடைவது பல வீடுகளில் இதனால்தான். யாரோ ஒருவரின் போன் புகைப்படங்களை ஏற்றிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் கியூஓஎஸ் (எதற்கு எவ்வளவு வேகம் என்று பங்கிடும்) வசதி இருந்தால் அப்லோட் வேகத்தை உண்மையான அளவில் 90 சதவீதத்துக்கு மட்டுப்படுத்திப் பாருங்கள்.

கடைசியாக, ரீசெட்

எல்லாம் பார்த்தும் விண்டோஸ் மட்டும் முரண்டு பிடித்தால், கறுப்புத் திரையை அட்மினாகத் திறந்து 'நெட்எஸ்எச் வின்சாக் ரீசெட்', பிறகு 'நெட்எஸ்எச் இன்ட் ஐபி ரீசெட்' கொடுத்து கணினியை மறுபடி தொடங்குங்கள். செட்டிங்ஸில் இருக்கும் 'நெட்வொர்க் ரீசெட்' இதைவிடப் பெரிய கை. விபிஎன் அமைப்புகளையும் துடைத்துவிடும், மறுபடி எல்லாவற்றையும் போட வேண்டிவரும்.

கோளாறு உங்கள் பக்கம் இல்லை என்று முடிவானால், நிறுவனத்தை அழைப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன நேரம், கேபிளில் கேட்வே பிங் எத்தனை மில்லிசெகண்டு, 1.1.1.1-க்கு நூற்றில் எத்தனை தொலைகிறது, டிரேஸ்ரூட் எந்த வரியில் நிற்கிறது. எடுத்தவுடன் 'ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் சார்' என்பார்கள். போட்டாயிற்று என்று சொல்லிவிட்டு அந்தத் தாளைப் படியுங்கள்.